துவைக்காத விரிப்பு

அக்கா, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இவருக்கு மைன்ஸில் நைட் ஷிப்ட். சற்றுமுன் பாப்பாவின் வாய்க்குள் விரல்விட்டு வெள்ளை நூல் குஞ்சம் ஒன்றை எடுத்தேன். நீங்கள் தைத்த விரிப்பிலிருந்து வந்தது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, மதியமெல்லாம் அந்தக் காடாத் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். தடித்த நூலை வளையம் வளையமாகக் கோத்துக் கத்தரியால் நறுக்கினால் பூவாக விரியும். வெள்ளைக்காரப் பெண்கள் முதலில் மெழுகுவர்த்தித் திரியில்தான் இப்படித் தைத்தார்களாம். கன்னியர் மடத்துத் தையல்கூடத்தில் சிஸ்டர் சொன்னதாகச் சொல்வீர்கள். "எங்கப்பாவுக்குத் தறி. எங்கம்மா தார்க்குச்சியில நூல் சுத்துவாங்க. நான் திரி குத்திக்கினு இருக்கேன். எங்க வூட்டை நூல் வுடாது போலிருக்கு!"

அப்போது பாப்பா என் வயிற்றில். என் மாமியாருக்குத்தான் பிடிக்கவில்லை. "பொறக்காத புள்ளைக்கு யாராவது படுக்கை தைப்பாங்களா?"

நீங்கள் தலை நிமிரவே இல்லை. "புள்ளைக்கு இல்லம்மா, எனக்குத்தான். நானே விரிச்சிக்கினு படுத்துக்கிறேன், போதுமா?"

கடைசிக் குஞ்சத்தை நறுக்கிய வாரமே காய்ச்சலில் போய்விட்டீர்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று உங்கள் வீட்டுக்காரர் விரிப்பைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

பாப்பா இப்போது வேறெதிலும் தூங்குவதில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினால் விடியும்வரை அழுகை. நான் கீழே பாயில் படுக்கிறேன். காலையில் எழுந்து பார்த்தால், கட்டிலில் அவள் பக்கத்தில் குஞ்சங்கள் அமுங்கிக் கிடக்கின்றன. தோள், இடுப்பு, மடக்கிய முழங்கால். பெரிய ஆள் ஒருக்களித்துப் படுத்த தடம். கை கிடந்த பள்ளத்தில் அவள் தலை.

"தூக்கத்துல நீதான் ஏறிப் படுத்திருப்ப" என்கிறார் இவர். அந்தத் தடம் என்னைவிட நீளம், அக்கா.

"வெந்நீர்ல ஒரு தரம் முக்கி எடுத்துட்டா துணி சுருங்கி நூலைக் கவ்விக்கும். அப்புறம் வுடவே வுடாது" என்பீர்கள். அதைச் செய்ய உங்களுக்கு நாள் கிடைக்கவில்லை. துவைக்காவிட்டால் குஞ்சம் ஒவ்வொன்றாக இவள் தொண்டைக்குப் போகும். துவைத்தால்? அது நூலை மட்டுமா கவ்விக்கொள்ளும், உங்களையும் சேர்த்தா?

சில காலைகளில் சிரித்துக்கொண்டே கண் விழிக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறீர்கள் என்றால் எனக்கு ஆறுதல்தான். கூட்டிக்கொண்டு போக வருகிறீர்கள் என்றால், வேண்டாம் அக்கா. எனக்கு இருப்பது இவள் ஒருத்திதான்.

நாளைக்கு வெந்நீர் வைக்கலாமா, கூடாதா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.