மதிலில் போட்ட சட்டை

கட்டுகஸ்தோட்டை,
கண்டி.
15.06.2025

அன்புள்ள யோகாம்பிகைக்கு,

நீ நலமாக இருப்பதாக வைத்துக்கொண்டே எழுதுகிறேன். கேட்டால் பதில் வராது என்பது இரண்டு வருட அனுபவம். தொலைபேசியையும் நீ எடுப்பதில்லை. அதனால்தான் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது. கொன்வென்ட் விடுதியில் என் வாப்பா எனக்கு எழுதிய கடிதங்களையே எனக்கு முன் பிரித்துப் படித்தவள் நீ.

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். இடையில் வேறு ஏதாவது வந்தால் பொறுத்துக்கொள்.

அம்ஜத் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆறு நாள் லீவில் வந்திருந்தான். உன் வீட்டுக்குப் போனதை வந்த அன்றே சொன்னான். நான் போகச் சொல்லவில்லை, யோகா. அவனை யாழ்ப்பாணத்து இராணுவ ஆஸ்பத்திரிக்கு மாற்றியபோது உன் விலாசத்தைக்கூட நான் கொடுக்கவில்லை. பதினெட்டு வயதில் என்னோடு வந்த வழி அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. போனது பிழையில்லை. கடமை முடிந்த கையோடு சீருடையில் போய் நின்றானே, அதற்குத்தான் நன்றாக ஏசினேன். அதிலும் எந்தச் சட்டை? தென் சூடானில் ஐ.நா. பணியில் இருந்தபோது தோளில் நம் நாட்டுக் கொடியை வைத்துத் தைத்த அதே சட்டை. மற்றவை எல்லாம் சலவைக்குப் போயிருந்தனவாம். டாக்டராகி என்ன பயன், எந்த வீட்டுக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது என்று தெரியாவிட்டால்?

"உம்மா, ஏசவேணாம். அன்ரி ஏசல்ல," என்றான். "வாசல் கேட்டுக்கிட்ட நின்டு மொகத்தப் பாத்தாங்க, தோளப் பாத்தாங்க." பிறகு நீ சொன்னதை உன் குரலிலேயே சொல்லிக் காட்டினான்: "நீ வரலாம், தம்பி. உந்தச் சட்டை வரேலாது. கழட்டி மதிலில போட்டிட்டு வா."

யோகா, அந்த வாசலில் நீ கதவைச் சாத்தியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க முடியாது. அவனைச் சட்டையிலிருந்து பிரித்துப் பார்த்தாயே, அதற்கு முதல் நன்றி.

பெனியனோடு நின்றவனுக்கு அலுமாரியைத் திறந்து ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தாயாம். வெள்ளையில் நீலக் கோடு. தோள் பிடித்ததாம், பொத்தான் பூட்ட முடியவில்லையாம். அந்தத் துணி கண்டியில் நான் எடுத்தது. சமாதானம் வந்து பாதை திறந்த காலத்தில் உன்னைப் பார்க்க வந்தபோது, என் மகனுக்கும் உன் மகன் செவ்வேளுக்கும் ஒரே துணியில் இரண்டு சட்டை. இருவருக்கும் நான்கு மாதம்தானே வித்தியாசம். அம்ஜத்தின் சட்டை எப்போதோ தரை துடைத்து முடிந்துவிட்டது. செவ்வேள் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் புறப்பட்டதையும், வழியில் சோதனைச் சாவடியில் இறங்கி நின்றதையும் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதன் பிறகு பார்த்தவர்கள் இல்லை. பத்தொன்பது வருடமாக நீ மடித்து வைத்திருந்த சட்டை அது.

யாருடைய சட்டை என்று அன்ரியிடம் கேட்டாயா என்றேன் அவனிடம். "கேக்கல்ல உம்மா. தெரியும்," என்று எழுந்து போய்விட்டான்.

அந்தச் சட்டையோடு அவனை உன் மேசையில் இருத்தி, இறைச்சி வாங்கினால் அவன் சாப்பிடுவானோ என்று யோசித்து, மீன் குழம்பும் பிட்டும் கொடுத்திருக்கிறாய். இரண்டாவது நன்றி அதற்கு. குழம்பில் உப்புக் கூடியிருந்ததாக அவன் சொல்லவில்லை. நான் ஊகிக்கிறேன்.

இனி நம் சண்டை. அம்ஜத் ஆபிரிக்காவிலிருந்து அனுப்பிய படத்தை நான் ஸ்டூடியோவில் கழுவி உனக்கு அனுப்பினேன். தோளில் கொடியோடு நிற்கிறானே என்ற பெருமைதான். இங்கேயும் எல்லாச் சீருடையிலும் கொடி இருக்கத்தான் வேண்டும் என்றும் ஒரு வரி எழுதினேன். நீ தொலைபேசியில் வந்தாய். "அங்க போடட்டும், றம்லத். எந்த நாட்டு டொக்டர் எண்டு அந்தச் சனத்துக்குத் தெரியவேணும். இங்க கொடி பள்ளிக்கூடத்தில பறக்கட்டும், கச்சேரிக் கந்தோரில பறக்கட்டும். துவக்குப் பிடிக்கிற ஆமிக்காரன்ர தோளில வேண்டாம். அவன் மறிச்சால் கொடி மறிச்ச மாதிரி. அவன் கொண்டுபோனால் கொடி கொண்டுபோன மாதிரி. பிறகு நான் எங்க போய்க் கேக்கிறது?" என்றாய். போதாததற்கு, "கொடியில உங்கட சனத்தின்ர பச்சையும் எங்கட சனத்தின்ர செம்மஞ்சளும் நிக்கிற பக்கமாத்தான் சிங்கம் வாளோட பாத்துக்கொண்டு நிக்குது. கண்ணாடியைப் போட்டுப் பார்," என்று சொல்லி வைத்துவிட்டாய்.

கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன். நீ சொன்னது சரி. ஆனாலும் எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. 2018 மார்ச்சில் தெல்தெனியப் பக்கம் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்த வாரம், ஊரடங்கில் எங்கள் தெருமுனையில் நான்கு சிப்பாய்கள் நின்றார்கள். காவலுக்கு நிற்கிறார்களா, யாராவது வந்தால் விலகி நிற்பார்களா என்று தெரியாமல் இரண்டு நாள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். அவர்கள் தோளில் அந்தப் பச்சைக் கீற்று இருந்திருந்தால் வெளியே போய்த் தொட்டுக் காட்டியிருப்பேன். இது நான், என்னைத் தோளில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்காதே என்று சொல்லியிருப்பேன். எனக்குக் கொடி அதற்குத்தான் வேண்டும். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். நீயும் மாறியிருக்கமாட்டாய். மாறவேண்டாம்.

ஆனால் அன்று உனக்குப் பதிலாக இதை எழுதியதோடு நான் நிறுத்தவில்லை. உன் வீட்டுத் துக்கத்தை வைத்து நாட்டுக்குச் சட்டம் எழுத முடியாது என்றும் எழுதினேன். அன்றிலிருந்து நீ பேசவில்லை. ஐம்பத்தெட்டு வருடச் சிநேகம், ஒரு வரியில் முடித்துவிட்டேன்.

கடந்த புதன்கிழமை அம்ஜத்தின் அந்தச் சட்டையை இஸ்திரி போட எடுத்தேன். மருமகள் நுஸ்ஹா தான் செய்வதாகச் சொன்னாள். அவள் கொலரை ஒழுங்காகப் போடமாட்டாள். கையை உட்புறமாகத் திருப்பியதும் நின்றுவிட்டேன். கொடியின் மூன்று பக்கம் மெஷின் தையல், கறுப்பு நூல், அவசர வேலை. பச்சையும் செம்மஞ்சளும் இருக்கிற பக்கம் மட்டும் கைத்தையல். விளிம்பின் மஞ்சளுக்கு அச்சொட்டான மஞ்சள் நூல். தையல்கள் மறுபக்கமாகச் சாய்ந்திருந்தன. நூலின் முடிவில் முடிச்சு இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு சிறு தையல்கள். மூன்று போதும் என்று கொன்வென்ட் தையல் வகுப்பில் சிஸ்டர் உனக்கு எத்தனை தரம் சொன்னார்! உன் இடது கையை ரிபனால் கட்டியும் பார்த்தார். கையும் மாறவில்லை, சாய்வும் மாறவில்லை.

அம்ஜத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அந்தப் பக்கம் பிரிஞ்சி தொங்கிட்டு ஈந்திச்சி உம்மா. சாப்பிட்டுட்டு நான் கொஞ்சம் படுத்தேன். எழும்பி வரக்குள்ள சட்டைய கதிரையில மடிச்சி வெச்சீந்தாங்க. தெச்சத நான் கவனிக்கல்ல," என்றான்.

வரேலாது என்ற சட்டையை நீயே மதிலிலிருந்து எடுத்து உள்ளே கொண்டுபோயிருக்கிறாய். இஸ்திரியைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

அந்த வரியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், யோகா. நான் எதையும் திருப்பி எடுக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கடிதம் இன்னும் இருந்தால் கிழித்துப்போடு. 83 கலவரத்தில் உன் குடும்பம் எங்கள் மேல்மாடியில் ஆறு நாள் இருந்ததற்கு நீ நன்றி சொல்ல வந்தபோதெல்லாம் வாயை மூடு என்று அதட்டியிருக்கிறேன். இப்போது நீ அப்படி அதட்டுவாய். நான் கேட்கப்போவதில்லை.

இன்னொரு விஷயம். குழம்பைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாயாம். இடது கண்ணில் படலம் முற்றியிருக்கிறது, இனித் தள்ளிப்போடக் கூடாது என்று அம்ஜத் சொல்கிறான். கண்டியில் நல்ல கண் டாக்டரிடம் பேசிவிட்டான். ஜூலை கடைசியில் சொந்தக் காரில் உன்னைக் கூட்டிவர வருவான். சாதாரணச் சட்டையில் வருவான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மகாவலி தெரிகிற அறையை ஒழுங்குபடுத்திவிட்டேன். உனக்குத் தனிச் சட்டி, தனி அடுப்பு. வெள்ளிக்கிழமைகளில் நீ மரக்கறிதான் என்பதை நான் மறக்கவில்லை.

உன் தையல்களை எண்ணினேன். மொத்தம் பதினேழு. பன்னிரண்டாவது கோணல். கண் தெரியாமல் தடவித் தடவித் தைத்திருக்கிறாய். அதை நான் பிரிக்கவில்லை, வேறு யாரையும் தொடவும் விடவில்லை. அம்ஜத் அந்தச் சட்டை இல்லாமல்தான் திரும்பிப் போனான். என் அலுமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. பக்கத்தில் மஞ்சள் நூலும் வைத்திருக்கிறேன், சின்னக் கத்தரிக்கோலும் வைத்திருக்கிறேன். கண் தெளிந்ததும் நீயே வெளிச்சத்தில் பிடித்துப் பார். கோணலைத் திருத்துவதா, கொடியையே பிரித்து எடுப்பதா என்று நீ முடிவுசெய். எதைச் செய்தாலும் நான் பக்கத்தில் வாய் திறக்காமல் இருப்பேன்.

உன் கண்ணையும் அந்த இடது கையையும் இறைவன் காக்கட்டும். வந்துவிடு.

என்றும் உன்,
றம்லத்