மருந்து நின்ற முக்கால் மணி நேரம்

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது தடவை மருந்து ஏற்றினார்கள். உள்ளே இறங்க இறங்கக் கட்டில் தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருக்கிறது. மேலே விளக்கு, அதைச் சுற்றி வெள்ளையாய் ஒரு வட்டம். அதையே பார்த்துக் கிடந்தேன்.

நர்ஸம்மா பின்னாலேயே நிழல் மாதிரி ஒரு பெண். நர்ஸ் படிப்பு படிக்கிறாளாம். இந்தப் புற்றுநோய் வார்டில் ஒரு மாதம் நின்று பார்க்க வேண்டுமாம். பார்க்க மட்டும்தான், எதையும் தொடக்கூடாதாம். என் நோட்டைப் பார்த்துவிட்டு, "பாட்டி, உங்களுக்கு எழுதத் தெரியுமா?" என்றாள்.

அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் நான். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் என் நாத்தனாரும் இப்படித்தான் கேட்டாள். இன்றுவரை அவளோடு பேச்சில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மருந்து இறங்கியதும் கண் சொருகியது. எங்கேயோ மழை. யாருக்கோ நான் தலை பின்னிவிடுகிறேன், பின்னல் நீண்டுகொண்டே போகிறது... அப்போது பார்த்து மருந்து ஏற்றுகிற மெஷின் கீச்சுகீச்சென்று கத்தியது.

நர்ஸம்மா கோடிக் கட்டிலில் வாந்தி எடுத்தவளோடு இருந்தாள். அந்தப் பெண் மட்டும் பக்கத்தில். சிஸ்டரைக் கூப்பிடுகிறேன் என்றாள்.

"இதுக்குமா சிஸ்டர்? அந்தப் பட்டனை அமுக்கு. வேடிக்கை பாக்கத்தான் படிக்கிறியா?"

அமுக்கினாள். சத்தம் நின்றது. மருந்தும் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் நர்ஸம்மா கவனித்தாள். நல்லவேளை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெரிய நர்ஸம்மா வந்து, யார் தொட்டது என்று கேட்டாள்.

"நான்தான் மேடம்."

அவ்வளவுதான் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

மருமகள் விசாரித்து வந்தாள். அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். நாளன்றைக்குத்தான் முடிவு. நிறுத்திவிட்டால் ஒரு வருஷப் படிப்பு போச்சு.

போனால் போகட்டும் என்றேன். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. மருந்துக் கசப்பா? இல்லை. எனக்குத் தெரியாதா?

மார்ச் 13, வியாழன்

ஏன் சொல்லாம இருந்தா? நானாயிருந்தா நாலு பேர் கேக்கச் சொல்லியிருப்பேனே.

மார்ச் 14, வெள்ளி

இன்று எனக்கு மருந்து இல்லை. ஆனாலும் மருமகளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தா நீண்டுகொண்டே போனது. சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

அமுக்கச் சொன்னது நான்தான் என்று பெரிய நர்ஸம்மாவிடம் சொன்னேன். மருந்து மயக்கத்தில் அப்படித் தோன்றியிருக்கும், வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். வந்ததே கோபம். செவ்வாய்க்கிழமை மெஷின் கத்தியது பதினொன்று பத்துக்கு. நர்ஸம்மா திரும்பி வந்தது பதினொன்று ஐம்பத்தைந்துக்கு. நீ வந்து நின்றபோது இடது சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒன்றுக்கு மூடி இல்லை என்று ஒப்பித்தேன். குனிந்து சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டாள்.

"மயக்கமில்ல. தூங்குற மாதிரி நடிச்சேன். அதையும் எழுதிக்க."

எழுதினாள். அவள் தொட்டது தப்புதான், ஆனால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்றாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மருமகள் வழியெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 18, செவ்வாய்

பத்து மணிக்கு ஊசி குத்தினார்கள். அதற்கப்புறம் ஒன்றும் ஞாபகமில்லை. கண் திறந்தபோது மருந்துப் பை காலி. பக்கத்தில் அந்தப் பெண் நின்றிருந்தாள். மெஷின் நடுவில் இரண்டு தடவை கத்தியதாம், இரண்டு தடவையும் ஓடிப்போய்ச் சிஸ்டரைக் கூட்டிவந்தாளாம்.

எனக்குக் கேட்கவே இல்லை.