‘மறுமுனை’யின் ஏழாவது பாட்டு

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அனைவரும் என்றால் நானும் உன் அத்தானும்தான். நலம்.

நீ அனுப்பிய உறை வந்து சேர்ந்தது. ‘மறுமுனை’யின் புதிய பதிப்பு வெளியீட்டு விழாவுக்கு இரண்டு சீட்டு, முதல் வரிசை. கூடவே உன் கைப்பட ஒரு பக்கம். சீட்டுகளை அத்தானிடம் காட்டினேன். அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை.

சேதி எனக்கு முன்பே தெரியும். மருந்துக்கடை முதலாளி போன வாரம் நாளிதழை விரித்து என் முன்னால் போட்டார். “உன் தங்கச்சியோட நாலாவது ஆல்பத்தை அப்ப ஒருத்தரும் கண்டுக்கலை, இப்ப அதுதான் பெஸ்ட்டுன்னு எழுதியிருக்கான் பாரு” என்றார். எங்கள் கடையில் நாள் முழுக்க உன் பாட்டுதான். இருமல் மருந்துக்கு வருகிறவர்கள்கூட இருமலுக்கு நடுவே அதை முணுமுணுக்கிறார்கள். ஆனால் அந்த நாலாவது ஆல்பம் ‘மறுமுனை’யை மட்டும் யாரும் கேட்டதில்லை. பதினாறு வருடத்துக்கு முன் அது சிடி கடை வாசலில் கூடையில் கிடந்தது. மற்ற ஆல்பம் வாங்கினவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அதையும் ஒரு பெண் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்து நான் எவ்வளவு நிம்மதியாக வீடு திரும்பினேன் என்பதை உனக்கு இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

அந்த நாளிதழ்க்காரர் ஏழாவது பாட்டைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறார். பாட்டு தொடங்கும் முன் பத்தொன்பது நொடி ஒரு பெண் தொலைபேசியில் அழுகிறாளாம். அந்த முகம் தெரியாத பெண்ணின் அழுகைக்கு முன்னால் உன் குரலே சின்னதாகிவிடுகிறதாம். இத்தனை நாள் இரைச்சலில் வார்த்தை புரியவில்லையாம். புதிய பதிப்பில் இரைச்சலை நீக்கிவிட்டார்களாம், இனி ஒவ்வொரு சொல்லும் கேட்குமாம்.

அந்தச் சொற்களை உனக்கே நான் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. “கதவை நான்தான்டி தெறந்தேன். துணி காயப்போட்டுட்டு தாழ்ப்பாள் போடாம வந்துட்டேன். அவருகிட்ட சொல்லிடாதே. போனை எடுடி.”

என் குட்டி நான்காவது மாடிப் பால்கனியிலிருந்து விழுந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை அப்போது. அவளுக்கு இரண்டரை வயது. மருத்துவமனை நடைபாதையிலிருந்து உன்னை அழைத்தேன். நீ எடுக்கவில்லை, செய்தி பதிவாகும் கருவிதான் எடுத்தது. பதினாறாம் நாள் நீ வந்தபோது, போன் பக்கத்தில்தான் நின்றிருந்தாய் என்றும், பாட்டு ஒன்று நெஞ்சில் உருவாகிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை என்றும் நீயே சொன்னாய். நான் உன்னை மன்னித்தேன். அந்தப் பதிவை நீ அழிக்கவில்லை என்று அப்போது தெரியாது. ஆல்பம் வெளியான அன்றே ஒன்றை வாங்கிவந்து, உன்மேல் பெருமையோடு போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. அத்தான் அந்த வருடம் பாட்டுச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்விடுவார். அதனால் தப்பித்தேன்.

அன்று காலையில் பால்கனியில் நின்று சிகரெட் பிடித்தவர் அவர். தாழ்ப்பாள் போட்டோமா இல்லையா என்று அவருக்கே நினைவில்லை. என் மாமியார், “நீதானடா கடைசியா அங்க நின்னே” என்று பெற்ற மகனை எல்லோர் முன்னிலும் கேட்டார். நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்க எனக்கு அந்த ஒரு நிமிடம்தான் இருந்தது. அது போனது போனதுதான்.

அவர் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாரே, நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் போய்ப் பின்கதவு சாத்தியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். பயணிகள் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். இப்போது பணிமனையில் பேருந்து கழுவுகிறார். சோப்புத் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. கடையிலிருந்து களிம்பு கொண்டுவந்து நான்தான் தடவிவிடுகிறேன். என்னை மாதிரி மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

‘விழாவுக்கு முன்னால் நீயே அவரிடம் சொல்லிவிடு அக்கா, உனக்கும் பாரம் இறங்கும்’ என்று எழுதியிருக்கிறாய். என் பாரத்தைப் பற்றி நீ ரொம்பத்தான் கவலைப்படுகிறாய். சொல்லாமலா இருந்தேன்? ஐந்தாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட தட்டை எடுக்காமல் அவர் எதிரில் உட்கார்ந்து, “அந்தக் கதவு விஷயம்” என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லவேளை, அது என் கையால ஆச்சு. உன்னால ஆகியிருந்தா நீ அன்னிக்கே செத்திருப்பே. நான் தாங்கிக்கிறேன், விடு” என்றார்.

இதற்கு மேல் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உனக்குத்தான் சொற்கள் நன்றாக வருமே, எழுதி அனுப்பு.

அந்தப் பத்தொன்பது நொடியை எடுத்துவிடு. பாட்டு நொண்டிப்போகும் என்பாய். போகட்டும். உனக்கு இன்னும் பதினோரு ஆல்பம் இருக்கிறது. எனக்கு இருப்பது இவர் ஒருவர்தான். எடுக்காவிட்டால் அந்த நாளிதழ்க்காரரை நானே தேடிப் போவேன். முகம் தெரியாத அந்தப் பெண் யார் என்றும், அவள் அழைத்தபோது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய் என்றும் சொல்வேன். அதைச் சொன்ன அன்று என் வீடும் போகும் என்பது எனக்குத் தெரியும். எப்படியும் போகப் போகிற வீடு, உன்னையும் இழுத்துக்கொண்டு போகட்டும். கூடப் பிறந்தவளிடம் பேசுகிற பேச்சா என்று கேட்காதே. நாம் இருவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

அத்தான் விழாவுக்கென்று நீலச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறார். பணிமனையில் எல்லோரிடமும், மச்சினிச்சி முதல் வரிசையில் இடம் போட்டிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். யாருக்கு எழுதுகிறாய் என்று இப்போது கேட்டார். உனக்கு என்றேன். பத்திரிகையில் உன் மகள் படம் பார்த்தாராம். நடக்க ஆரம்பித்துவிட்டாளா என்று கேட்டார். அவளுக்குத் தன் ஆசியை எழுதச் சொன்னார், நூறு வருஷம் இருக்கட்டும் என்று. பிறகு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, “எவ்வளவு வேலை இருந்தாலும் புள்ளை மேல ஒரு கண்ணு இருக்கட்டும்னு எழுது. என்னை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு எழுது” என்றார்.

எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்கா