அத்தானும் மூன்று படிகளும்

1978 ஜனவரி 23, திங்கள், காலை ஆறே கால். கேள்வி பத்து. சரி ஒன்று. அந்த ஒன்றும் குருட்டாம்போக்கு.

எழுதியவர் ராசப்பன் அத்தான், என் அக்கா ஆவுடையம்மாளின் புருஷன். வயது முப்பத்தாறு. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. போன மாதம் சாக்கு சரிந்து இடுப்பில் விழுந்துவிட்டது. இனி பாரம் தூக்கினால் நடக்கவே முடியாது என்கிறார் டாக்டர். கம்பெனியில் டாலி கிளார்க் இடம் ஒன்று காலி. கப்பலருகே நின்று சரக்கை எண்ணி எழுதும் வேலை. மார்ச் 12 பரீட்சை, இங்கிலீஷ் மட்டும். பாஸானால் அந்த இடம் அவருக்கு. இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வாத்தியார் நான். மெக்கானிகல் டிப்ளமா, கொச்சி மட்டாஞ்சேரியில் போட் எஞ்சின் ஒர்க்‌ஷாப், சாப்பாடும் படுக்கையும் இவர்கள் வீட்டில். ஏழு வாரம் இருக்கிறது. தாராளம். உப்புத் தண்ணீரில் கிடந்த எஞ்சினையே ஓட வைக்கிறேன். இது என்ன பெரிய வேலை?

ஜனவரி 26

லீவு. தகர ஷீட் ஒன்றை வெட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து, கூடத்தில் மாட்டினேன். மேலே இங்கிலீஷ் வாக்கியம், கீழே தமிழில் விளக்கம். இந்த முறையில் கழுதைக்கும் புரியும்.

முதல் பாடம் டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன். போன வருஷத் தாளில் அதற்கே பதினைந்து மார்க். மூன்றே படி. ஒன்றைப் பற்றிச் சொன்னால் ஹெவி. இரண்டை ஒப்பிட்டால் ஹெவியர். கூட்டத்தில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் மிஞ்சினால் ஹெவியஸ்ட், அதாவது சூப்பர்லேட்டிவ். தமிழில் கனம் கனமாகவே இருக்கும். ‘அதைவிட’ என்று சேர்த்தால் தீர்ந்தது. இங்கிலீஷில் சொல்லுக்கே வால் முளைக்கும். இதைவிடத் தெளிவாக எவன் எழுதுவான்?

பிப்ரவரி 3

அத்தான் எழுதியது: திஸ் சாக் இஸ் மோர் ஹெவியர்.

“மோரும் போட்டு வாலும் போட்டா எப்படி அத்தான்? ஏதாவது ஒண்ணுதான்.”

“பாரம் ஜாஸ்தின்னா நாங்க ரெட்டைக் கயிறு போட்டுத்தான் தூக்குவோம், மச்சினா. ஒத்தைக் கயிறு அறுந்துச்சுன்னா கீழே நிக்கிறவன் தலை போகும்.”

“இது சாக்கு இல்ல, வாக்கியம்!”

“மனசிலாச்சு, மனசிலாச்சு” என்று தலையாட்டினார். நின்று விளக்கினால் தலையாட்டுகிறார். ராத்திரி போர்டைப் பார்த்துப் படியுங்கள் என்று விட்டால் காலையில் வெறும் சிலேட்டு. ஏன்?

பிப்ரவரி 9

வாயை விட்டேன்.

போர்டு முழுக்க விதிகள். குட், பெட்டர், பெஸ்ட் ஏன் வால் முளைக்காமல் ஆளே மாறுகிறது, நீளமான சொல்லுக்கு ஏன் மோர், மோஸ்ட் — எல்லாம் மூன்று நாளாகத் தொங்குகிறது. ஒன்றும் ஏறவில்லை. கத்திவிட்டேன்: “கண்ணு முன்னால எழுதிப் போட்டிருக்கேன், ஒரு தடவ வாசிச்சா என்ன? உங்களைவிட மந்தமான ஆளை நான் பார்த்ததே இல்ல!”

அவர் கோபப்படவில்லை. “அப்ப நான் சூப்பர்லேட்டிவ் ஆயாச்சு” என்று சிரித்தார்.

இந்தப் பதிலை மந்தமான ஆள் சொல்வானா? அதை யோசிக்கவிடாமல் அக்கா வந்துவிட்டாள். “ஏலே இசக்கி, என் புருஷன்கிட்ட பேசுத பேச்சாலே இது? நீ படிச்ச லட்சணம் நாலு போல்ட்டு முறுக்கத்தான்.”

பிப்ரவரி 10

அக்கா பேசவில்லை. தோசை மட்டும் வந்தது.

பிப்ரவரி 14

மத்தியானம் இடக்கொச்சியிலிருந்து ஆள் வந்தது. நடுக்காயலில் போட் நின்றுவிட்டதாம். வீட்டில் யாரும் இல்லை. அக்கா எர்ணாகுளம் போயிருந்தாள், அத்தான் டாக்டரிடம். போர்டைத் துடைத்து எழுதிவிட்டுப் போனேன்: ‘இன்று சாயங்கால வகுப்பு இல்லை. இடக்கொச்சி போகிறேன். நாளை காலை பார்க்கலாம்.’

ஏழு மணிக்குத் திரும்பினால் அத்தான் குளித்து, சந்தனம் வைத்து, போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

“வந்தாச்சா? அஞ்சு மணி தொட்டு இருக்கேன்.”

“போர்டுல எழுதிட்டுத்தானே போனேன்?”

போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அது இன்னத்தெ பாடம்னு நெனச்சேன்” என்றார். சிலேட்டை நீட்டினார். என் மூன்று வரியையும் கோலம் போடுவதுபோல், ஒரு புள்ளி விடாமல், பார்த்துப் பார்த்து வரைந்து வைத்திருந்தார்.

சிலேட்டை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சண்டை, கிண்டல், கணக்கு எல்லாம் இந்த வீட்டில் தமிழ்தான். பேசுகிறவர் வாசிப்பார் என்று எடுத்துக்கொண்டேன். பிறந்தது மட்டாஞ்சேரி, பள்ளிக்கூடம் மலையாளம். தமிழ் எழுத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவருக்கு? தினமும் காலையில் அக்கா தமிழ்ப் பேப்பரை உரக்க வாசிப்பதைச் செல்லம் என்றல்லவா நினைத்தேன்! கூறுகெட்டவன்.

“ஏன் அத்தான் சொல்லலை?”

“பெண்ணு வீட்டு ஆளுகிட்ட எங்ஙனே பறயும்? மாப்பிள்ளைக்குத் தமிழே அறியாதுன்னு உங்க ஊரு முழுக்கப் பாடிருவீங்க.”

பிப்ரவரி 15

புது முறை. இங்கிலீஷை நான் எழுதுகிறேன், விளக்கத்தை வாயால் சொல்கிறேன், அவர் கீழே மலையாளத்தில் எழுதுகிறார். ‘நோ அதர் சாக் இஸ் ஸோ ஹெவி ஆஸ் திஸ்’ என்றாலும் அந்தச் சாக்குதான் ஹெவியஸ்ட் என்று ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். பத்துக்கு ஏழு!

போர்டு நிறைய ஸ்பிரிங் சுருள் மாதிரி எழுத்து. நாலு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஒரு எழுத்துகூடத் தெரியாது. “மச்சினா, ஈ வரி ஒண்ணு வாயிச்சே” என்றார். முழித்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மார்ச் 12

அத்தானைப் பரீட்சைக்குக் கேட்டில் விட்டுவிட்டு அங்கேயே காத்திருந்தேன். வெளியே வந்ததும், “மோர் ஹெவியர் எழுதலை” என்றார். அது போதும்.

ஏப்ரல் 2, ஞாயிறு

நேற்று முதல் அத்தான் டாலி கிளார்க். அறுபத்திரண்டு மார்க். இன்னும் ஐந்து எடுத்திருக்கலாம். ‘வெரி ஃபியூ’வில் கோட்டை விட்டார், சொல்லியும் விட்டேன். அக்கா முறைத்தாள், ஆனால் இரண்டாவது தடவை பாயசம் ஊற்றினாள்.

சாயங்காலம் அவருடைய பழைய கூட்டாளிகள் ஆறு பேர் வாசலில். அடுத்த பரீட்சைக்கு அவர்களுக்கும் சொல்லித்தர வேண்டுமாம். நாலு பேர் தமிழ் வீட்டுக்காரர்கள். இந்தத் தடவை எந்த எழுத்து வாசிக்க வரும் என்று முதலிலேயே கேட்டேன். ஆறு பேரும் மலையாளம்தான். செய்ய வேண்டியது:

1. இதைவிடப் பெரிய தகடு ஒன்று வெட்டணும்.

2. கீழ் வரியை அத்தான் எழுதுவார். குறுக்கே பேசக் கூடாது.

3. அவருக்குக் கப்பல் வேலை உள்ள நாட்களில் கீழ் வரி எழுத ஆள் வேண்டும். வேறு யார்? நான்தான். நாளை காலை ஆறு மணி, முதல் ஐந்து மலையாள எழுத்து. சிலேட்டு எனக்கு, சாக்பீஸ் அவருக்கு.

4. அவர் என்னை மந்தம் என்று சொன்னால், சிரிக்கப் பழகணும்.