வதனி அக்காவின் கோலுக்குள் யாருமில்லை

முதுகுக்குப் பின்னால் நின்று கத்திக் கத்தியே என்னை ஒரு ஆட்டக்காரியாக்கிய என் வதனி அக்காவுக்கு,

போன மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். பண்டத்தரிப்பில் உங்கள் வீட்டுக்கு நானும் வந்தேன். எல்லோரோடும் இருந்து சாப்பிட்டேன். ஆனால் உங்கள் படத்துக்கு முன்னால் வந்து கும்பிடவில்லை. கவனித்தீர்களா? கோபத்தில்தான் வரவில்லை.

அந்தக் கோபத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் இதை எழுதுகிறேன். எங்கள் கழகத்து ஆட்களும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே கொடுக்கப் போகிறேன். படித்துவிட்டு என்னோடு கதைக்காமல் விடுகிறவர்கள் விடட்டும்.

முதலில் உங்களோடு ஒரு சண்டை இருக்கிறது. எங்கள் பெண்கள் ஹொக்கி அணிக்கு நீங்கள்தான் கோல் காப்பாளர். நீங்கள் மட்டும்தான். நான் உங்களுக்கு முன்னால் பின்வரிசையில் நிற்பவள். விளையாடும்போது உங்கள் முகத்தை நான் பார்த்ததே குறைவு. "தர்சி, இடப்பக்கம். விடாதை, விடாதை" என்று பின்னுக்கிருந்து வரும் குரல்தான் எனக்கு நீங்கள்.

கோலுக்குள் நிற்க ஆசைப்பட்டு சர்மி என்று ஒருத்தி இருந்தாளே, நினைவிருக்கிறதா? கோலுக்குப் பின்னால் நின்று வெளியே போகிற பந்தைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரு போட்டி கொடுங்கள் என்று உங்களிடம் எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன்? "குடுப்பம், குடுப்பம்" என்பீர்கள். கடைசியில் அவள் கல்யாணம் கட்டிப் பிரான்ஸுக்குப் போனாள். அங்கே குளிருக்குப் போட்ட கையுறையோடு ஒரு படம் எடுத்து அனுப்பினாள், கடைசியாக எனக்கும் கையுறை கிடைத்துவிட்டது என்று எழுதி. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள்.

நீங்கள் இல்லாவிட்டால் அணி இல்லை என்பதில் உங்களுக்கு ஒரு சந்தோசம் இருந்தது, அக்கா. இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அந்தச் சந்தோசம் எங்கே கொண்டுபோய் விட்டது? சாவகச்சேரிப் போட்டிக்கு மானிப்பாயிலிருந்து வாடகைக்குப் பிடித்த வானில் போகும்போது நீங்கள் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தீர்கள். கையைத் தொட்டுப் பார்த்தேன், அடுப்பில் வைத்த கல் மாதிரிச் சுட்டது. இறங்கி வீட்டுக்குப் போங்கள் என்றேன்.

"பனடோல் போட்டனான். நான் இல்லாட்டி ஆரடி நிக்கிறது?" என்றீர்கள்.

அந்த வெயிலில், அவ்வளவு கவசத்தையும் கட்டிக்கொண்டு கடைசி விசில் வரைக்கும் நின்றீர்கள். ஒரு கோலும் விடவில்லை. அடுத்த கிழமை ஆசுபத்திரியில் டெங்கு என்றார்கள். அதற்கடுத்த கிழமை நீங்கள் இல்லை. மற்றவர்கள் விதி என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பத்திக்கொண்டு வருகிறது. கோலுக்குள் நிற்க இன்னொருத்தி இருந்திருந்தால், அன்றைக்கு நீங்கள் அந்த வானில் ஏறியிருக்கவே மாட்டீர்கள்.

அடுத்த கோபம் செத்தவீட்டில் நடந்தது. உங்களுக்கு அது தெரியாது, சொல்கிறேன்.

பெட்டி மூடப் போகிற நேரம் உங்கள் அம்மா உள்ளே போய் உங்கள் கீப்பர் செற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கால்காப்பு, நெஞ்சுக் கவசம், கையுறை, தலைக்கவசம், ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் உங்களோடு பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார். எங்கள் அணிப் பெட்டைகள் எல்லோரும் விம்மி அழுதார்கள். கழகத் தலைவர் ஐயா உடனே முன்னுக்கு வந்து, வதனி போட்டதை இனி ஒருத்தரும் போடக்கூடாது என்று ஒரு பேச்சே பேசிவிட்டார்.

நான் அவருக்குக் கிட்டப் போய் மெதுவாகத்தான் சொன்னேன்: "ஐயா, கழகத்திலை உது ஒண்டுதான் இருக்கு."

"பிள்ளை, உது கதைக்கிற நேரமே?" என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேன். உங்கள் அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலைவர் சொல்லியிருக்கலாம். அவர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாரே.

நாங்கள் உங்களை வீட்டு வாசல் படலை வரைக்கும்தான் கொண்டுவந்தோம். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை அல்லவா? உங்களோடு ஓடி விழுந்து விளையாடிய அத்தனை பேரும் படலையில் நின்றுவிட்டோம். ஒரு நாளும் எங்கள் போட்டி பார்க்க வராத ஆம்பிளைகள் உங்களையும் எங்கள் செற்றையும் கொண்டுபோய் எரித்தார்கள். கனநேரம் கரும்புகையாக வந்துகொண்டே இருந்ததாம். என் அண்ணை வந்து சொன்னார். உள்ளே இருந்த பஞ்சும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் வேறென்ன புகை வரும்?

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட சீரழிவைக் கேளுங்கள். அணியில் ஆகச் சின்னவள் கீர்த்தி, நான் நிற்கிறேன் என்று முன்வந்தாள். மூக்கு உடைந்தால் இவளை யார் கட்டுவது என்று அவள் தாய் ஒற்றைக்காலில் நின்றார். வீடு தேடிப் போய் அவரைச் சம்மதிக்க வைத்ததே பெரும்பாடு. சம்மதித்தபோது போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

முதல் போட்டிக்கு ஆண்களின் கிரிக்கெட் கால்காப்பும் அவள் தகப்பனின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நடுவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு வெளியே அனுப்பினார். மற்ற அணியின் இரண்டாவது கோல் காப்பாளர் தன் செற்றைக் கழற்றிக் கொடுத்தாள். அவர்களுக்கு இரண்டாவது ஒருத்தி இருக்கிறாள், அக்கா. அவளுக்கென்று தனிச் செற்றும் இருக்கிறது. நன்றி சொல்லி வாங்கும்போது எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது.

அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் இரவல்தான். பயிற்சிக்கு யார் இரவல் தருவார்கள்? பயிற்சி இல்லாமல் கோலுக்குள் நிற்கிற பிள்ளை வேறென்ன செய்வாள்? பந்து வந்தால் கண்ணை மூடினாள். வாயே திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. தலைவரிடம் போகும்போதெல்லாம் அடுத்த வருசம் பார்ப்போம் என்றார்.

ஆனால் உங்கள் பேரில் ஞாபகார்த்தக் கிண்ணம் நடத்த அவர்களுக்கு அடுத்த வருசம் தேவைப்படவில்லை. திவசத்துக்கு அடுத்த ஞாயிறு மைதானத்து வாசலில் பெரிய வளைவு, ஒலிபெருக்கி, கீர்த்தியின் இடுப்பளவு உயரத்தில் ஒரு கிண்ணம். வளைவில் உங்கள் படம் போட்டிருந்தார்கள். ரோஸ் சேலை, தலை நிறையப் பூ, ஸ்ரூடியோவில் எடுத்தது. கவசத்தோடு இருக்கிற படத்தில் உங்கள் முகம் தெரியவில்லையாம். அந்தப் படத்தைப் பார்த்து, இந்தப் பெண் பந்து மறித்தவள் என்று யார் நினைப்பார்கள்?

அன்று காலை கீர்த்தி வந்தாள். கண் சிவந்திருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன்.

அதே சூடு, அக்கா.

"பனடோல் போட்டனான், அக்கா. நிப்பன்" என்றாள்.

அவள் தகப்பனைக் கூப்பிட்டு, அந்த இடத்திலேயே அவளை ஆசுபத்திரிக்கு ஏற்றி அனுப்பினேன். தலைவர் ஓடி வந்தார். ஒரு போட்டிதானே, வதனியின் கிண்ணம், பிரதம விருந்தினர் வந்துவிட்டார் என்றார். ஆராவது ஒருத்திக்கு இரவல் செற்றைக் கட்டிவிடச் சொன்னார். பழக்கமில்லாத ஒரு பிள்ளையைப் பந்துக்கு முன்னால் நிறுத்தி வைக்க நான் தயாரில்லை. கோலுக்குள் ஒருத்தரும் நிற்கமாட்டார்கள் என்றேன். பதினொரு பேரும் கோலுக்கு வெளியே நின்று விளையாடலாம் என்று ஹொக்கிச் சட்டத்தில் இருக்கிறது. நடுவரும் தலையாட்டினார்.

அப்படியே விளையாடினோம். பார்க்க வந்த சனம் முதலில் சிரித்தது. எத்தனை கோல் வாங்கினோம் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தரமும் பந்து வெறுங்கோலுக்குள் போய்ப் பின்பலகையில் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுபோனது. அடித்த பிள்ளைகளே கைதட்டாமல் திரும்பிப் போனார்கள்.

பரிசு கொடுக்க உங்கள் அம்மாவை அழைத்து வந்திருந்தார்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்போது ஒரு போட்டிக்கும் வராதவர், மேடையை விட்டு இறங்கி எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டார். இடைவேளையில் என் கையைப் பிடித்தார்.

"ஏன் பிள்ளை, கோலுக்கை ஒருத்தரும் இல்லை?"

"அவவின்ரை செற் எரிஞ்சு போச்சு, அன்ரி. எங்களிட்டை இருந்தது அது ஒண்டுதான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அவருக்கு அது தெரிந்தே இருக்கவில்லை. பிடித்த கையை விடாமலே சொன்னார்:

"ஒவ்வொரு முறையும் பந்து பட்டு உடம்பெல்லாம் கண்டிப்போய்த்தான் வீட்டை வருவாள். அங்கையும் அவளுக்கு அடிபடக் கூடாதெண்டுதான் வைச்சனான், பிள்ளை."

அக்கா, நான் இனி யாரோடு சண்டை பிடிப்பது? ஒரு வருசம் முழுக்க உங்கள் அம்மாவை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் அன்று பெட்டிக்குள் வைத்தது கழகத்துச் சொத்தை இல்லை. பிள்ளைக்குக் காயம் படக்கூடாது என்று தாய் கட்டிவிட்ட கவசத்தை. அது ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றவர்கள் வேறு ஆட்கள். என் கோபத்தை அவர்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டேன். அது குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு உங்கள் அம்மா மைக்கைக் கேட்டு வாங்கினார். என்னென்னவோ சொல்வார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். "என்ரை பிள்ளையின்ரை பேரிலை இனிக் கிண்ணம் வேண்டாம். இந்தப் பிள்ளையளுக்குப் போட ஏதும் வேண்டிக் குடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார்.

நேற்றுத் தலைவர் வீட்டுக்கே வந்தார். ஒரு செற் வாங்கித் தருகிறோம், பிரச்சினையை இதோடு விடு பிள்ளை என்றார். ஒன்று வேண்டாம் என்றேன். முகம் கறுத்துப் போனது. இரண்டு வாங்கித் தரும்வரை பெண்கள் அணி எந்தப் போட்டிக்கும் வராது, ஒன்று என்றால் அதையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். தருவார்களா, மாட்டார்களா என்று இன்னும் தெரியாது.

கீர்த்திக்கு வெறும் காய்ச்சல்தானாம், எழும்பிவிட்டாள். அவளோடு பக்கத்து வளவுப் பெட்டை ஒருத்தியும் பழக வருகிறாள். இரண்டு பேரையும் மாறி மாறி நிறுத்துகிறேன், இப்போதைக்கு ரெனிஸ் பந்தோடு. நான் முன்னால் நின்றுகொண்டு, கத்துங்கோடி, எனக்குக் கேட்கவேண்டும் என்கிறேன். நேற்று அந்தப் புதியவள் முதல் தடவையாகக் கத்தினாள். இடப்பக்கம் என்று கத்தவேண்டிய இடத்தில் வலப்பக்கம் என்று கத்தினாள். பரவாயில்லை. திரும்பிப் பார்க்காமல் நின்று அழுதேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் இந்த அணியில் இருக்கும்வரை இனி ஒருத்தியும் "நான் இல்லாட்டி ஆர் நிக்கிறது" என்று கேட்கும்படி வராது. காய்ச்சல்காரி வீட்டில் படுத்திருப்பாள், மற்றவள் நிற்பாள். நான் செத்தாலும் என் ஹொக்கி ஸ்ரிக்கைப் பெட்டிக்குள் வைக்கக்கூடாது, படலையிலேயே கழகத்துப் பெட்டைகளிடம் கொடுத்துவிடவேண்டும் என்று அண்ணையிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்களும் எனக்கு ஒன்று செய்யுங்கோ. அங்கே செற் இருப்பது உங்களிடம் மட்டும்தான். ஒரு நாளைக்காவது அதைக் கழற்றி, பக்கத்தில் நிற்கிற ஒருத்திக்குக் கொடுங்கோ.

உங்களுக்கு முன்னால் நின்ற, இன்னும் கோபம் ஆறாத உங்கள் தங்கச்சி,
தர்சினி