மாடு மார்க், சிவப்புத் தாள்

ஜனவரி 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மிளகாய் காயவில்லை. பொங்கல் பானையை இறக்கிய கையோடு கடை வாசலில் சத்தம். செட்டிமார் ஊரான சிட்டி கம்பத்துப் பீபி; பல தலைமுறைக்கு முன் வந்த நம்மவர்கள்தான். தமிழ் வராது, மலாய்தான். கையில் மசாலாப் பொட்டலம்.

நேற்று போகிக்கு அவர்கள் வீட்டில் முன்னோர் படையல். முன்னோர் சாப்பிட்டு முடியும்வரை சமைத்தவள்கூட ருசி பார்க்கக் கூடாது. பிறகு வாயில் வைத்தால் ஆட்டுக்கறி முழுக்க நறநற. செங்கல் தூள்.

"செத்துப்போன பெரியவங்களுக்குக் கல்லத் தின்னக் கொடுத்துட்டியே!"

காஜா பெராங் தெருவே கேட்டது.

வாங்கிப் பார்த்தேன். சிவப்புத் தாள், மாடு. ஆனால் எங்கள் மாடு வலப்பக்கம் பார்க்கும், இது இடப்பக்கம். எங்களுடையது இல்லை, எங்கள் தாள் இப்போது நீலம் என்றேன்.

"சிவப்புதான் நிஜம். நீலம்தான் போலி. எத்தனை வருஷமா வாங்குறேன், எனக்குத் தெரியாதா?"

மெர்டேக்கா, சுதந்திரம் வந்த உற்சாகத்தில் என் வீட்டுக்காரர் செய்த கூத்து. நீலத் தாள், நடுவில் புதுக் கொடி, பாவம் மாடு ஒரு மூலையில். அப்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், சனங்கள் படித்துப் பார்த்தா வாங்குகிறார்கள், சிவப்பையும் மாட்டையும் பார்த்துத்தானே என்று. கேட்டால்தானே. நாங்கள் விட்ட சிவப்பை எவனோ எடுத்துக்கொண்டான்.

ஜன. 15, புதன்

வெயில். மிளகாய் காய்ந்தது, வாங்கத்தான் ஆளில்லை. மூன்று கடைகள் சரக்கைத் திருப்பிவிட்டன. மீன் மார்க்கெட்டில் என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி: "சாப் லெம்பு, அந்த மாடு மார்க் வேணாம்லா, அதுல செங்கல் போடுறாங்களாம்."

திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

லாரிக்காரர் சொன்னார், புக்கிட் ரம்பாய் பக்கம் புது மில்லாம். சிவப்புத் தாள் அங்கேயிருந்துதான் வருகிறதாம்.

செய்ய வேண்டியது: வக்கீல். சீரகம். இவரோடு பேசாமல் இருப்பது.

கடைசியது முடியவில்லை. ராத்திரி சாப்பிடாமல் எழுந்துவிட்டார். "நாம ஒழிஞ்சோம்" என்றார். திட்ட மனசு வரவில்லை.

ஜன. 16, வியாழன்

வக்கீல் ஆபீஸ். காத்திருந்து காத்திருந்து கால் மரத்துவிட்டது. மார்க்கைப் பதியவே இல்லையா என்று இவரை ஒரு பார்வை. பிறகு வக்கீல் சொன்னது:

"பதியலேன்னாலும் வழக்குப் போடலாம். ஆனா உங்களுதுன்னு நெனச்சு வாங்கி ஏமாந்தவங்க ஒருத்தர் கோர்ட்ல வந்து சொல்லணும்."

பீபி திட்டியதைச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவங்கதாம்மா உங்க சாட்சி. உங்களத் திட்டினாங்க பாருங்க, அதுதான் கேஸே."

கிளம்பும்போது ஒன்று சேர்த்துச் சொன்னார். "தாள ஏன் மாத்தினீங்கன்னு எதிர்ப்பக்கம் பிடிச்சுக்குவாங்க. அந்தப் பேச்ச அந்தம்மா எடுக்காம இருந்தா நல்லது."

ஜன. 17, வெள்ளி

பீபி வீடு. உட்காரச் சொல்லவில்லை.

"கோர்ட்ல, எல்லார் முன்னாலயும், என் மாமியாருக்குக் கல் படைச்சேன்னு சொல்லணுமா? மாலு!"

வெட்கம் என்று அர்த்தம். அவர்கள் சொல்லும்போது மானம் மரியாதை எல்லாம் அதில் அடக்கம். எனக்கும் பொறுமை போய்விட்டது.

"நீங்க சொல்லலேன்னா அடுத்த படையலுக்கு இன்னொரு வீட்டு இலையில அதே கல் விழும், பீபி."

வாசலைத் தாண்டிவிட்டேன். பின்னால் குரல்.

"நாளைக்கு வா. தூள் வேணாம், நீலத் தாளும் வேணாம். மிளகாய், மல்லி எல்லாம் முழுசாக் கொண்டா. என் அடுப்படியில, என் கண்ணு முன்னால அரை. பெரியவங்களுக்கு மறுபடி படைக்கணும்."

ஜன. 18, சனி

மழை இல்லை. மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, மஞ்சள், பட்டை. பீபி வீட்டு அம்மிக்கல். மில் வந்தபின் அம்மி தொட்டதில்லை. உள்ளங்கை தீயாக எரிகிறது, பேனா பிடிக்க முடியவில்லை.

பீபி பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கறி கொதித்தது. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வழியில்லை. உறைப்பு கூடிவிட்டதோ, பச்சை வாடை போகவில்லையோ, ஒன்றும் தெரியாது. கடையே அந்தச் சட்டியில்.

இலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லோரும் வெளியே வந்து நின்றோம். முன்னோர் சாப்பிடட்டும் என்று.

உள்ளே போனதும் பீபிதான் முதல் வாய். மென்றாள். மருமகள்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள், நானும். இன்னொரு வாய். பிறகு எலும்பை உறிஞ்சினாள்.

"இதுதான். இதுதான் அந்த ருசி."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கோர்ட்டுக்கு வர்றேன். கல் படைச்சதச் சொல்றேன்." கையைக் கழுவிக்கொண்டே தொடர்ந்தாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமத் தாள மாத்தினீங்களே, அதையும் சொல்வேன்."

வக்கீல் சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"சொல்லுங்க பீபி" என்றேன்.