அன்னக்கொடிக்கு உடம்பில் ஒன்றுமில்லை

அலங்காநல்லூர்,
1936, மார்கழி 12

மரியாதைக்குரிய மச்சான் வெள்ளைத்துரை அவர்களுக்கு,

நல்லகாமன் வணக்கத்துடன் எழுதுவது. கொழும்புத் துறைமுக வேலையில் தாங்கள் சுகமாக இருக்க அழகரை வேண்டுகிறேன். இங்கே கால்வாயில் தண்ணீருக்குக் குறைவில்லை. நெல் முற்றி வருகிறது.

தங்கள் தங்கை அன்னக்கொடி நலம் என்று போன இரண்டு கடிதத்திலும் எழுதியிருந்தேன். அது பொய். மன்னிக்க வேண்டும்.

ஆடியில் தொடங்கியது. நாற்று நடும்போது பத்துப் பெண்களுக்கு முன்னால் போகிறவள், ஒரு நாள் காலையில் பாயை விட்டு எழவில்லை. காய்ச்சல் இல்லை. வீட்டில் சாவோ சண்டையோ இல்லை. அன்றிலிருந்து, அடுப்பை மூட்டினால் உலை வைக்க மறந்து தீயையே பார்த்தபடி இருக்கிறாள். விடாமல் கேட்டதற்கு, "எந்திரிக்கணும்னு தெரியுது. வெளக்குமாத்த எடுக்கணும்னு நெனச்சாலே அழுகை வருது. வேணுமுன்னா இப்பிடி இருக்கேன்?" என்றாள்.

மதுரைக்கு அழைத்துப் போனேன். டாக்டர், உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லி ஒரு பாட்டில் டானிக் கொடுத்தார். பிறகு அம்மா பேச்சைக் கேட்டுக் கோடாங்கியிடம் கூட்டிப் போனேன். அவர் வேப்பங்குழையால் அடித்தபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும் வழியில் வண்டியில், "பேயா இருந்திருந்தா இந்நேரம் போயிருக்கும்ல" என்றாள். அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?

இப்போது வீட்டு வேலையெல்லாம் நான்தான். தலை சிக்குப் பிடித்துவிட்டது என்று எண்ணெய் வைத்துச் சீவிவிடுகிறேன். முதல் நாள் வெட்கப்பட்டு அழுதாள். இப்போது அழுவதுமில்லை. தெருவில் சிரிக்கிறார்கள். அம்மா வேறு பெண் பார்க்கச் சொல்கிறாள். அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை தானாக எழுந்து குளித்து, வாசல் தெளித்து, கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். புளி கூடிப்போயிருந்தது. நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். "இனிமே எல்லாஞ் சரியாப் போச்சு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் மடத்தனமாகச் சொல்லித் திரிந்தேன். மறுநாள் அவளால் எழ முடியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை உச்சி வேளையில் வயலிலிருந்து வந்தேன். வீட்டில் அவள் இல்லை. தோட்டத்துக் கிணற்றின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மெல்லப் போய் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தண்ணி எடுக்கத்தான் வந்தேன்" என்றாள். குடமும் இல்லை, கயிறும் இல்லை. கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அன்றிலிருந்து நான் வயலுக்குப் போகவில்லை.

தாயில்லாத பிள்ளையான தன்னைத் தாங்கள் தோளில் தூக்கி வளர்த்ததாக முன்பெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பாள். தை பிறந்தால் அறுப்பு. பகலெல்லாம் நான் களத்தில் நிற்க வேண்டும். மச்சான், பதில் எழுத வேண்டாம். இது கிடைத்ததும் கப்பல் ஏறி வாருங்கள். வந்து, ஏன் இப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தாங்கள் அவள் பக்கத்தில் இருந்தால் போதும்.

தங்கள் கால் தொட்டுக் கேட்கும்,
நல்லகாமன்